தாள்களும் அமானிதமே

ஒருவர் கண்ணை மூடியபின் அவர் விட்டுச்சென்ற நிலத்தை அளக்கக் கோல் உண்டு. நகையை நிறுக்கத் தராசு உண்டு. கடனைத் தீர்க்க முறை உண்டு. கால் பங்கு, அரைக்கால் பங்கு, ஆறில் ஒன்று என்று பாகப்பிரிவினைக் கணக்கை நம் உலமாக்கள் வகுத்து வைத்திருக்கும் நுட்பத்தைக் கண்டு கணிதம் பயின்றோரும் வியப்பர். ஆனால் பெட்டியின் அடியில், பழம்புடவைக்குக் கீழே நூலால் கட்டி வைத்த ஒரு கடிதக் கட்டு கிடக்கிறதே, அது யார் பங்கு? ஒரு நாட்குறிப்பு கிடக்கிறதே, அதை எத்தனையாகப் பிரிப்பது? இவற்றை விலைபோகாத பொருள் என்று கருதும் வாரிசுகள் அடுப்பில் இடுவார்கள். அல்லது பழந்தாள் வாங்குவோனின் தட்டில் இடுவார்கள். விலைபோகாதவை என்பதால் மட்டுமா இடுகிறார்கள்? அதில் என்ன எழுதியிருக்குமோ என்ற அச்சமும் அடுப்பை மூட்டுகிறது.

இவ்வாறு எரிந்த தாள்களுக்காகக் கடந்த நூறாண்டுகளில் மிகுதியும் கவலைப்பட்டவர்கள் இருவகையினர். பெண்ணுரிமைக்காகப் போராடிய மாதர் ஒருவகை. பெண்ணாய்ப் பிறந்து பெண்ணையே துணையாக விரும்பி வாழ்ந்தோர் மற்றொரு வகை. மேலைநாட்டார் இவர்களை லெஸ்பியன் என்பர். பலரிடத்தில் இவ்விரண்டும் ஒன்றாகவே அமைந்திருந்தன. இவ்விருவகையினரும் அமைத்த ஆவணக் காப்பகங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, அறநூல்கள் தீர விசாரிக்காமல் விட்ட ஒரு வழக்கு என் கண்ணுக்குத் தெரிந்தது.

இல்லத்தார் அனைவரும் படிக்கும் ஏட்டில் இந்தப் பேச்சு எதற்கு என்று புருவம் நெரிப்போர் இருக்கலாம். அவ்வாழ்வு முறைக்கு மார்க்கத் தீர்ப்பைத் தேடுவோர் அதற்குரிய நூல்களைப் புரட்டிக்கொள்ளட்டும். இக்கட்டுரை அந்த வழக்கை விசாரிக்க எழுந்ததன்று. நான் கேட்பது வேறு. ஒருவருடைய வாழ்வை நாம் ஒப்பினும் ஒப்பாவிடினும், அவ்வாழ்வின் தாள்கள் நம் கைக்கு வந்துவிட்டால் அவற்றை அழிக்க நமக்கு உரிமை உண்டா? அழிக்காமல் வைத்தால், வருவோர் போவோர்க்கெல்லாம் திறந்துவிட உரிமை உண்டா? இவ்விரு கேள்விகளுக்கும் இடையில்தான் ஆவணம் காப்போன் நிற்கிறான். அவன் நிற்கும் இடம் குறுகியது.

அமெரிக்காவில் பெண்களின் தாள்களுக்கென்று தனிச் சேகரங்கள் தோன்றியது 1940-களில். 1942-இல் ஸ்மித் கல்லூரியிலும் 1943-இல் ராட்கிளிஃப் கல்லூரியிலும் அவை அமைந்தன. அதற்குமுன் 1935-இல் மேரி பேர்ட் என்னும் வரலாற்று அறிஞர் உலகப் பெண்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு காப்பகம் காண முயன்று, பணமின்றி 1940-இல் அதை மூட நேர்ந்தது. கல்லூரிச் சேகரங்களால் விளைந்த நன்மை பெரிது; ஐயமில்லை. ஆயினும் அங்குப் போய்ச் சேர்ந்தவை பெரும்பாலும் பெயர்பெற்ற மாதரின் தாள்கள். வாக்குரிமைக்காக மேடையேறியவரின் உரை அங்கு உண்டு. அவ்வீட்டுத் தரையைத் துடைத்தவளின் சொல் அங்கு அரிது.

1974-ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்தில் சில பெண்கள் கூடி வேறொரு வழியைத் தேர்ந்தனர். அவர்களுள் ஜோன் நெஸ்ல், டெபோரா எடெல் ஆகிய இருவர் குடியிருந்த அடுக்கக வீடே காப்பகமாயிற்று. நெஸ்ல் கல்லூரியில் எழுத்துக்கலை கற்பித்த ஆசிரியை. சமையலறையை ஒட்டிய பண்ட அறையில் தாள்களைச் சேர்க்கத் தொடங்கினர் என்று படிக்கையில், அரிசிப் பானையும் ஊறுகாய் ஜாடியும் இருக்க வேண்டிய பலகையில் கடிதக் கட்டுகள் ஏறியமர்ந்த காட்சி மனத்தில் விரிகிறது. பின்னர் அவை வீடு முழுதும் பரவின. பார்க்க வந்தவர் விருந்தினராக வந்து, தேநீர் அருந்தி, படித்துச் சென்றனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இவ்வாறு ஓடின. நாடெங்குமிருந்து வந்த சிறு சிறு நன்கொடைகளைக் கொண்டு புரூக்ளினில் ஒரு வீடு வாங்கி, 1993-இல் அங்கே திறந்தனர். இன்றும் அது ஊதியம் பெறாத தொண்டர்களின் கையில் நடக்கிறது.

இக்காப்பகத்தின் பெயர் லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆர்க்கைவ்ஸ். வரலாற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தலையில் 'அவனுடைய' என்னும் ஒலி உட்கார்ந்திருப்பதாகக் கொண்டு, அதை இறக்கிவிட்டு 'அவளுடைய' என்பதை ஏற்றிப் புனைந்த சொல் ஹெர்ஸ்டரி. அச்சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அவனும் அவளும் அதில் இல்லை. ஸர்ஃபு படித்தவன் இந்தப் பகுப்பை ஒப்பமாட்டான். ஆனால் மேடையில் ஏறுவதற்கென்று பிறந்த சொற்கள் இலக்கணத்தின் வாசலில் அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு வருவதில்லை.

அவர்கள் வகுத்துக்கொண்ட நெறிகள் சிந்திக்கத் தக்கவை. இன்னார் பெரியவர், இன்னார் சிறியவர் என்று பார்த்துத் தாள்களை ஏற்பதில்லை. கொடுக்க விரும்பும் எந்த லெஸ்பியன் பெண்ணின் வாழ்வுக்கும் அங்கு இடமுண்டு. படிக்க வருவோரிடம் பட்டமோ பரிந்துரைக் கடிதமோ கேட்பதில்லை. சேகரத்தை விற்பதில்லை. அரசின் பணத்தை நாடுவதில்லை. பல்கலைக்கழகத்தின் சுவருக்குள் கொண்டுபோய் வைப்பதுமில்லை. இன்று ஆதரிக்கும் நிறுவனம் நாளை ஆட்சி மாறினால் கைவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இன்னொரு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே நூல்களை ஆசிரியரின் குடும்பப் பெயரை வைத்து அடுக்குவதில்லை. அவரவர் சொந்தப் பெயரை வைத்தே அடுக்குகின்றனர். குடும்பப் பெயர் தந்தையிடமிருந்தோ கணவனிடமிருந்தோ வருவது. சொந்தப் பெயரே பெண்ணுக்கு உரியது என்பது அவர்கள் கூறும் காரணம். மேலைநாட்டு நூலகருக்கு இது புரட்சியாகத் தோன்றியிருக்கலாம். இப்னு கல்லிகானின் வரலாற்று அகராதியை 'இப்ராஹீம்' என்பதிலிருந்து தொடங்கிப் படித்தவனுக்கு இதில் புதுமை ஏதுமில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே நிறுத்தித் தன் பெயரால் அழைக்கப்படும் தமிழனுக்கும் இது வியப்பன்று.

இனி, இக்காப்பகத்தில் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேபல் ஹாம்ப்டன் என்பது அவர் பெயர். 1902-இல் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. இளமையிலேயே தாயை இழந்தவர். வளர்ப்பதாக அழைத்துச் சென்ற உறவினர் வீட்டின் கொடுமையிலிருந்து சிறுமியாகவே தப்பி ஓடியவர். வாலிபத்தில் ஹார்லெம் பகுதியின் அரங்குகளில் நடனமாடினார். பிறகு பல்லாண்டுகள் பிறர் வீடுகளைச் சுத்தம் செய்து பிழைத்தார். 1932-இல் லில்லியன் ஃபாஸ்டர் என்னும் பெண்ணைச் சந்தித்து, 1978-இல் அவர் இறக்கும்வரை அவருடனேயே வாழ்ந்தார். நெஸ்லின் தாயாருக்கு 1950-களிலேயே அறிமுகமானவர். பின்னாளில் காப்பகத்துக்குத் தம் நூல்களையும் கடிதங்களையும் நாடக நிகழ்ச்சித் தாள்களையும் செய்தித்தாள் துணுக்குகளையும் கொடுத்தார். தம் வாழ்வைத் தாமே சொல்ல, நெஸ்ல் அதை ஒலிநாடாக்களில் பதிந்தார்.

இங்கேதான் நம் வழக்கின் உயிர்நாடி இருக்கிறது. மேபல் ஹாம்ப்டனைப் பற்றி எழுதப்பட்ட தாள் இன்னொன்றும் உண்டு. 1924-இல் விபசாரக் குற்றம் சாட்டி அவரைக் கைது செய்து, பெட்ஃபோர்டு ஹில்ஸ் என்னும் பெண்கள் சீர்திருத்தச் சிறையில் அடைத்தனர். அது பொய்வழக்கு, காவலர் விரித்த வலை என்று அவர் பின்னாளில் கூறினார். அச்சிறையின் கைதிக் கோப்புகள் நியூயார்க் மாநில அரசின் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அரசு தன் கைதிகளின் தாள்களை எரிப்பதில்லை. அதிகாரி கேட்ட கேள்வி, அவர் செய்த கணிப்பு, அவர் இட்ட முத்திரை எல்லாம் அங்கே உள்ளன. ஏழைப் பெண்ணொருத்தி வரலாற்றின் ஏட்டில் நுழைவதற்கு அக்காலத்தில் திறந்திருந்த வாசல்கள் எவை? பிறப்புப் பதிவு, மருத்துவமனை, காவல் நிலையம், சிறை, இறப்புப் பதிவு. இவற்றுள் எதிலும் அவள் பேசுவதில்லை. அவளைப் பற்றிப் பேசுகிறார்கள்.

எண்ணிப் பாருங்கள். மேபல் தம் தாள்களைச் சேர்த்து வைக்காதிருந்தால், அல்லது அவர் இறந்தபின் யாரோ ஒருவர் அவற்றைக் குப்பையில் கொட்டியிருந்தால், எஞ்சியிருக்கக்கூடிய சாட்சி எது? சிறைக் கோப்பு ஒன்றுதான். நாம் எரிப்பதனால் ஒரு வாழ்வின் சுவடு அழிந்துவிடுவதில்லை. அவளுடைய சுவடுதான் அழிகிறது. அவளைக் குற்றம் சாட்டியவனின் சுவடு அப்படியே நிற்கிறது. வழக்கில் ஒரு பக்கத்துச் சாட்சியை மட்டும் கொன்றுவிட்டு நடுநிலை பேசுவதற்கு ஒப்பானது இது. எந்தக் காழி இதை ஏற்பார்?

ஆவணக் கலையில் ஒரு விதி உண்டு. ஒரு தாள் யாரிடமிருந்து யார் கைக்கு, எவ்வழியாக வந்தது என்பதைத் தாளோடு சேர்த்தே பதிந்து வைக்க வேண்டும். ஒருவர் கட்டி வைத்த கட்டைப் பிரித்து வேறொருவருடைய தாளோடு கலத்தலாகாது. இதைப் படித்தபோது ஹதீஸ் கலையின் ஸனதே நினைவுக்கு வந்தது. செய்தியைவிட அச்செய்தி வந்த வழியை முதலில் கேட்கும் மரபு நம்முடையது. மேபல் ஹாம்ப்டனைப் பற்றிய இரு செய்திகளுள் ஒன்றின் ஸனது சிறையதிகாரியில் முடிகிறது. மற்றொன்றின் ஸனது அவரிலேயே முடிகிறது. இரண்டும் இருந்தால்தான் எடைபோட முடியும்.

'காப்பது என்றால் ஒப்புவதாகாதா?' என்று ஒரு தடை எழும். நியாயமான தடைதான், ஆனால் நம் வீட்டிலேயே இதற்கு விடை இருக்கிறது. மத்ரஸாக்களில் அரபு இலக்கியத்தின் அடித்தளமாக நாம் ஓதிக் கொடுக்கும் முஅல்லகாத் எத்தகையவை? இஸ்லாத்துக்கு முற்பட்ட காலத்தவை. மதுவும் மாதரும் குலப்பழியும் அவற்றில் மண்டிக் கிடக்கின்றன. இம்ருவுல் கைஸின் கூடாரச் சேட்டைகளைத் தாடி நரைத்த உஸ்தாதுகள் சொல்லுக்குச் சொல் பொருள் விரித்து ஓதிக் கொடுத்தார்கள். அவற்றைத் திரட்டிக் காத்தவர்கள் தொழுகையாளிகளான முஸ்லிம் அறிஞர்களே. அவர்களுள் ஒருவரையும் அவ்வாழ்வை ஒப்பியவர் என்று யாரும் சொன்னதில்லை. தமிழின் பக்கம் திரும்பினால், சைவத் திருமடத்தில் கல்வி பயின்ற உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். சமணக் காப்பியத்தைச் சைவர் பதிப்பிப்பதா என்று முகம் சுளித்தவர்கள் அன்று இருந்தார்கள். ஏடுகளை ஆற்றில் விட்டதும் நெருப்பில் இட்டதும் புண்ணியமென்று நம்பிய மனிதர்களையும் அவர் கண்டார். அவர்கள் கெட்டவர்களல்லர் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. நல்லவர்களின் கையால் எரிந்ததே நாம் இழந்தவற்றுள் பெரும்பங்கு.

தீயவர் கையால் எரிந்ததும் உண்டு; எரிக்காமல் சிறைப்பட்டதும் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் 1935-இல் ரோஸா மானுஸ் முதலிய மூன்று பெண்கள் அனைத்துலகப் பெண்கள் இயக்க ஆவணக் காப்பகத்தை நிறுவினர். நாட்டின் முதல் பெண் மருத்துவரான அலெத்தா யாகோப்ஸ் விட்டுச்சென்ற தாள்களும் ரோஸா மானுஸின் சொந்தத் தாள்களும் அங்குச் சேர்ந்தன. 1940 மே மாதம் ஜெர்மானிய நாஜிப் படை அந்நாட்டைப் பிடித்தது. ஜூலையில் காப்பகத்தை மூடி, நூல்களையும் தாள்களையும் அள்ளிக்கொண்டு போயினர். யூதக் குலத்தவரான ரோஸா மானுஸ் 1941-இல் கைதாகி முகாமுக்கு அனுப்பப்பட்டார், மீளவில்லை. போர் முடிந்தபின் தேடியும் பெரும்பகுதி கிடைக்கவில்லை. தொலைந்ததென்றே எல்லாரும் எண்ணியிருக்க, 1992-இல் மாஸ்கோவின் ரகசியக் காப்பகமொன்றில் அப்பெட்டிகள் இருப்பது தெரியவந்தது. தோற்ற ஜெர்மனியிலிருந்து வென்ற சோவியத் படையினர் கொண்டுபோனவை அவை. பதினோராண்டு இழுபறிக்குப் பின் 2003-இல்தான் ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்பின. வாக்குரிமை கேட்ட பெண்களின் கூட்டக் குறிப்புகளை இரண்டு வல்லரசுகள் மாறி மாறிப் பூட்டி வைத்திருந்தன! அந்தக் காகிதத்தில் அவர்கள் எதைக் கண்டு அஞ்சினார்களோ?

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி இல்லாமலில்லை. தமிழ் எழுத்தாளர் அம்பை, சி.எஸ். லக்ஷ்மி என்னும் தம் பெயரில் ஆய்வு செய்தவர், 1988-இல் மும்பையில் தோழியருடன் ஸ்பாரோ என்னும் பெண்கள் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். பெண்களின் குரலையும் படத்தையும் காப்பதே அதன் நோக்கம்.

அழித்தலின் வழக்கு இவ்வளவில் நிற்கட்டும். திறத்தலின் வழக்கு இதைவிடச் சிக்கலானது. இதில்தான் என் மனம் அதிகம் தடுமாறுகிறது.

1955-இல் சான்பிரான்சிஸ்கோவில் நான்கு இணையராக எட்டுப் பெண்கள் கூடி 'டாட்டர்ஸ் ஆஃப் பிலிட்டிஸ்' என்னும் சங்கத்தைத் தொடங்கினர். டெல் மார்ட்டினும் ஃபிலிஸ் லியோனும் அவர்களுள் இருவர். இவ்விருவரின் தாள்கள் இன்று அந்நகரத்து வரலாற்றுக் கழகமொன்றில் உள்ளன. கணவர் கையில் அடிபடும் மனைவியரின் துயரை விரித்து 1976-இல் நூலெழுதியவரும் இதே டெல் மார்ட்டின்தான் என்பதை இடையே குறிக்கிறேன். அச்சங்கம் 1956 முதல் 1972 வரை 'தி லேடர்' என்னும் இதழை நடத்தியது. முதல் இதழ்களுக்கு ஃபிலிஸ் லியோன் ஆன் ஃபெர்குசன் என்ற புனைபெயரில் ஆசிரியராயிருந்தார். பின்னர் ஆன் ஃபெர்குசன் இறந்துவிட்டாள் என்று இதழிலேயே அறிவித்துவிட்டுச் சொந்தப் பெயரில் எழுதலானார். தம் பெயருக்குத் தாமே மௌத்துச் செய்தி எழுதிய ஆசிரியர் வேறெவரும் உண்டோ அறியேன்.

ஆனால் எல்லாருக்கும் அத்துணிவு வருமா? அக்காலத்தில் இவ்வகைப் பெண் என்று தெரிந்தால் அரசுப் பணி போகும். ஆசிரியை வேலை போகும். பெற்ற பிள்ளையையும் நீதிமன்றம் பிரித்துவிடும். ஆகவே சந்தாதாரர் பெயர்ப் பட்டியல் இருக்கிறதே, அது வெறும் முகவரிக் கட்டன்று; பல குடும்பங்களின் உயிர்நிலை. உங்கள் பெயர் எங்களிடம் பத்திரமாக இருக்கும் என்று இதழ் தன் வாசகியர்க்கு 1956-லேயே உறுதி கூறியது. பெயர் கொடுக்க மறுத்த ஒருவரின் வழக்கில் 1953-இல் வெளிவந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அதற்கு ஆதாரம் காட்டியது. நாட்டின் துப்பறியும் துறையோ சங்கத்தின்மேல் கண்வைத்துக் கோப்புத் திறந்திருந்தது. 1970-இல் அப்பட்டியலைச் சங்கத்தின் தலைவியே ஏனையோர் அறியாமல் வேறு நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார். இதழைக் காப்பதற்காகவே செய்தார் என்று அவர் பக்கத்தார் வாதித்தனர். அமானிதம் என்ற சொல்லின் பாரத்தை இந்நிகழ்ச்சி உணர்த்துவதுபோல் வேறெதுவும் எனக்கு உணர்த்தவில்லை. வெளிப்பகைவனிடமிருந்து காத்த பட்டியல், உள்ளிருந்த அன்பராலேயே கைமாறியது.

கடிதத்தின் நிலை இன்னும் நுட்பமானது. எனக்கு வந்த கடிதத்தின் தாள் என்னுடையது. அதிலுள்ள சொல் எழுதியவருடையது. பல நாடுகளின் சட்டமும் இப்படித்தான் பிரிக்கிறது. அப்படியானால் நான் என் பெட்டியைக் காப்பகத்துக்குக் கொடுக்கும்போது, எனக்கு எழுதியவர்களின் மனத்தையும் சேர்த்தல்லவா கொடுக்கிறேன்? அவர்களைக் கேட்டேனா?

லொரீனா ஹிக்காக் என்னும் பத்திரிகையாளரின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மனைவியும், 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனத்தை வரைந்த குழுவின் தலைவியுமான எலினோர் ரூஸ்வெல்ட்டுக்கும் இவருக்கும் முப்பதாண்டு நெருக்கம். இருவருக்குமிடையே சென்ற 3,000-க்கும் மேற்பட்ட கடிதங்களை ஹிக்காக் 1958-இல் ஹைடு பார்க்கிலுள்ள ரூஸ்வெல்ட் நூலகத்துக்குக் கொடுத்தார். தாம் இறந்து பத்தாண்டு கழித்தே திறக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். சிலவற்றை அவரே அழித்துவிட்டார். 1968-இல் அவர் இறந்தார். 1978-இல் பெட்டிகள் திறந்தன. டோரிஸ் ஃபேபர் என்னும் வரலாற்றாசிரியை தற்செயலாக அங்கு வந்து படித்து, கடிதங்களிலிருந்த கனிந்த சொற்களைக் கண்டு திடுக்கிட்டு, மீண்டும் பல்லாண்டுகளுக்குப் பூட்டிவிடும்படி நூலகத்தாரை வேண்டினார். நூலகத்தார் இணங்கவில்லை, கொடுத்தவர் விதித்த காலம் முடிந்துவிட்டது, மாற்றுவதற்கு நாங்கள் யார் என்பது அவர்கள் நிலை. பிறகு ஃபேபரே 1980-இல் ஹிக்காக்கின் வரலாற்றை எழுதினார். அது காதலா, ஆழ்ந்த நட்பா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள், அவர்கள் வாதிடட்டும்.

நூலகத்தார் செய்தது சரி என்றே நான் கருதுகிறேன். ஃபேபரின் அச்சம் இழிவானதன்று. இறந்த இருவரின் மானத்தைக் காக்க எழுந்த அச்சம் அது. குறையை மூடுதலை நற்குணம் என்று போற்றும் மரபில் வளர்ந்தவனுக்கு அவ்வுணர்ச்சி விளங்கும். ஆனால் மூடும் உரிமை யாருடையது? ஹிக்காக் தம் கையால் எதை எரிக்க வேண்டுமோ அதை எரித்தார். எதை வைக்க வேண்டுமோ அதை வைத்தார். எப்போது திறக்க வேண்டும் என்றும் சொன்னார். வதீஅத்தாக ஒப்படைத்த பொருளில் ஒப்படைத்தவரின் நிபந்தனையைக் காவலன் மாற்றலாகாது. அது இறுக்குவதற்கும் பொருந்தும், தளர்த்துவதற்கும் பொருந்தும். அவர் மறைக்க விரும்பாததை நாம் குறையென்று முடிவுகட்டி மூடுவது அவர்மீது இரக்கமன்று. அவர் வாயைப் பொத்துவது. எலினோர் ரூஸ்வெல்ட்டின் அனுமதி என்னாயிற்று என்று கேட்பவர்க்கு என்னிடம் முழு விடையில்லை. அவர் 1962-இல் காலமாகிவிட்டார். திறந்தது அதற்குப் பதினாறாண்டு கழித்து. காத்திருத்தலே அவருக்குக் கொடுத்த மரியாதை என்பதற்குமேல் என்னால் சொல்ல இயலவில்லை.

இக்காலத்துக் கணினி வந்தபின் காத்திருத்தலுக்கே இடமில்லாமற் போயிற்று. 1984-இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய இவ்வகைப் பெண்களின் இதழொன்றில், தம் வட்டத்தார் மட்டுமே பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையில் சிலர் அந்தரங்கமான படங்களுக்கு இசைந்திருந்தனர். சில ஆயிரம் பேர் கையில் போகும் தாளுக்குத் தந்த இசைவு அது. ஒரு நிறுவனம் அவ்விதழ் முழுவதையும் இணையத்தில் ஏற்றியது. 'அச்சுக்கு இசைந்தவர்கள் உலகெங்கும் தேடினால் கிடைக்கும்படி வைப்பதற்கு இசைந்தார்களா?' என்று கனடா நாட்டு நூலகர் ஒருவர் கேட்டார். கேள்வி வலுத்தது, 2016-இல் நிறுவனம் அவற்றை இறக்கிக்கொண்டது. கெட்ட எண்ணம் அங்கு யாருக்குமில்லை. காக்கிறோம் என்றே செய்தார்கள். இளமையில் எடுத்த படத்தோடு இன்று பாட்டியாகவோ அலுவலராகவோ வாழும் ஒருத்தியின் நினைப்புதான் அவர்களுக்கு வரவில்லை.

நம் பழைய ஆசிரியர்கள் இக்கேள்வியைக் கேட்டார்களா என்று எண்ணிப் பார்க்கிறேன். ஸகாவி தம் நூற்றாண்டின் பெரியோர் வரலாற்றைப் பன்னிரண்டு பாகங்களாக எழுதி, கடைசிப் பாகம் முழுவதையும் பெண்களுக்கே கொடுத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருக்கிறார்கள். யாரிடம் ஓதினார்கள், யாருக்கு இஜாஸத்துக் கொடுத்தார்கள் என்பதோடு, யாரை மணந்தார்கள், எப்போது பிரிந்தார்கள், மீண்டும் யாரை மணந்தார்கள் என்பதையும் எழுதினார். ஐந்நூறாண்டு கழித்து அக்காலக் குடும்ப வாழ்வை ஆராய்வோர்க்கு அது பெருஞ்செல்வம். எழுதியபோது அப்பெண்களுள் பலரின் பேரப்பிள்ளைகள் கெய்ரோவின் அதே தெருக்களில்தான் நடந்திருப்பார்கள்.

ஆகையால் பொதுவிதி ஒன்றை வகுத்துத் தருவது எனக்கு எளிதாக இல்லை. உயிரோடிருக்கும் மூன்றாமவரின் பெயர் வந்தால் பூட்டுக. எல்லாரும் மறைந்தபின் திறக்க. இவ்வளவுதான் நான் துணிந்து சொல்வேன். புரூக்ளின் காப்பகத்திலும், கொடுப்பவர் விரும்பினால் தம் தாள்களுக்கு எல்லை வகுக்கலாம். பல கல்லூரிச் சேகரங்களிலும் இன்ன ஆண்டுவரை திறவற்க என்று முத்திரையிட்ட பெட்டிகள் உண்டு.

மேபல் ஹாம்ப்டன் 1989-இல் காலமானார். அதற்கு ஐந்தாண்டுமுன், 1984-இல், நியூயார்க் ஊர்வலத்தின் மேடையில் ஆயிரக்கணக்கானோர் முன் நின்று, எண்பத்திரண்டு வயதில், தாம் யாரென்று தம் வாயாலேயே சொன்னார். எனவே அவருடைய ஒலிநாடாக்கள் இன்று கணினியில் ஏறி, விரும்புவோர் இருந்த இடத்திலிருந்தே கேட்கக்கூடியதாக இருப்பதை அவர் மறுத்திருக்கமாட்டார் என்று தோன்றுகிறது. அந்நாடாக்களில் அவர் நினைவுகூரும் பிற பெண்கள் எந்த மேடையிலும் ஏறியவர்களல்லர். ஹார்லெமின் விருந்துகளில் தோழியருக்கு மட்டும் தெரிய வாழ்ந்து மறைந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய வாரிசுகள் யாரென்றுகூட இனிக் கண்டுபிடிக்க வழியில்லை.